முதலாவது திருத்தமும் பேச்சு சுதந்திரமும்

சென்ற வாரம் ஒரு சிற்றூரில் நடந்த பொதுக்கூட்டத்தில், பேச்சு முடிந்து கேள்விக்கு இடம் விட்டபோது, பின்வரிசையிலிருந்த ஒரு வாலிபர் எழுந்து, "1951-ம் வருஷத்து முதலாவது திருத்தம் நமக்குப் படிப்பில் இடம் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னீர்கள், சரி. மேடையில் பேசியதற்கும் பத்திரிகையில் எழுதியதற்கும் வழக்குப் போடுகிறார்களே, அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். பேசிய தோழர் சற்றும் யோசியாமல், "அது வெள்ளைக்காரன் போட்ட சட்டம்" என்று பதில் சொல்லி உட்கார்ந்து விட்டார். கூட்டமும் கைதட்டிற்று.

அந்தப் பதில் பாதிதான் சரி. மற்றப் பாதி, அந்த வாலிபர் தமது கேள்வியின் முதல் வாக்கியத்தில் சொன்ன அதே திருத்தத்திலேயே அடங்கியிருக்கிறது. இதை நம்மவர்களில் அநேகர் அறியார். அறிந்தவர்களிலும் சிலர், நமக்கு நன்மை செய்த சட்டத்தைக் குறை கூறினால் எதிரிக்கு இடம் கொடுத்ததாகிவிடுமே என்று வாயை மூடிக் கொள்ளுகிறார்கள். சாஸ்திரமானாலும் சட்டமானாலும் நன்மையையும் தீமையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற நாம், நமக்கு உதவிய ஒரு சட்டத்தை மாத்திரம் அந்தப் பரீட்சைக்கு விலக்காக வைப்பது யோக்கியமாகாது. ஆதலால் இவ்வாரம் அவ்விஷயத்தையே எடுத்துக் கொள்ளுகிறோம்.

1950-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் 19-வது ஷரத்து பிரஜைகள் எல்லோருக்கும் பேச்சு சுதந்திரம் உண்டு என்று சொல்லிற்று. அதே ஷரத்தின் இரண்டாவது பிரிவு, எந்தெந்தக் காரணத்திற்காக அந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று கணக்குச் சொல்லிற்று. அவதூறு, கோர்ட்டு அவமதிப்பு, ஒழுக்கக் கேடு, ராஜ்யத்தின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது ராஜ்யத்தையே கவிழ்க்கப் பார்ப்பது ஆகிய இவ்வளவுதான் அன்று இருந்தவை. முதலில் தயாரித்த நகலில் 'ராஜத்துவேஷம்' என்ற வார்த்தையும் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, அந்த வார்த்தையை எடுத்து விடவேண்டும் என்று கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்தார், எடுத்தும் விட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திலகர் மீதும் காந்தியார் மீதும் பாய்ந்தது 124-ஏ என்ற அந்த ராஜத்துவேஷப் பிரிவுதான். 1933-ல் 'குடிஅரசு' எழுதிய ஒரு தலையங்கத்திற்காக ஈ.வெ.ரா. மீதும், பத்திரிகையை வெளியிட்ட அவரது தங்கை கண்ணம்மாள் மீதும் பாய்ந்ததும் அதுவே. அதை வேண்டாமென்று தள்ளியது நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மை உலரும் முன்பே சோதனை வந்தது. அதுவும் நமது சென்னை ராஜ்யத்திலேயே வந்தது. கம்யூனிஸ்டுகள் மீது சென்னை சர்க்கார் கடுமையான அடக்குமுறை நடத்திய காலம் அது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறையில் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்று வாரம் ஆகுமுன், மார்ச் 1-ந் தேதி, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்தி வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்திற்குள் நுழையவோ விற்கவோ கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. எந்த அதிகாரத்தால் என்றால், 1949-ம் வருஷத்துச் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டத்தால். பொதுஜன பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்கும் அவசியம் என்று சர்க்கார் கருதினால் போதும், எந்தப் பத்திரிகையையும் எல்லையில் நிறுத்தலாம் என்பது அந்தச் சட்டம்.

தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அதே சமயம் டில்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்பான 'ஆர்கனைசர்' பத்திரிகைக்கு, அச்சிடுமுன் செய்திகளை அதிகாரிக்குக் காட்டி அனுமதி பெறவேண்டும் என்று டில்லி சீப் கமிஷனர் உத்தரவு போட்டிருந்தார். அந்த வழக்கும் வந்தது. இரண்டுக்கும் 1950 மே 26-ந் தேதி, ஒரே நாளில் தீர்ப்பு. ஆறு ஜட்ஜுகளில் ஐந்து பேர் இரண்டு உத்தரவும் செல்லாது என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. மறுத்து எழுதியவர் பசல் அலி ஒருவரே.

தீர்ப்பின் சாரம் என்னவென்றால், பொது ஒழுங்கு வேறு, ராஜ்யத்தின் பாதுகாப்பு வேறு என்பதாகும். பீனல் கோடைப் பார்த்தால், தெருவில் வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதுகூடப் பொதுஜன பாதுகாப்புக்கு விரோதமான குற்றங்களின் வரிசையில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, தெருச் சண்டைக்கும் ராஜ்யத்தைக் கவிழ்ப்பதற்கும் ஒரே கயிறு போட்டுப் பத்திரிகையின் கழுத்தை நெரிப்பதென்றால் அந்தக் கயிறு செல்லாது என்றது கோர்ட்டு. பத்திரிகை போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர முடியாவிட்டால், அச்சிடும் சுதந்திரம் இருந்து என்ன பயன் என்றும் சொல்லிற்று.

ஒரே நாளில் பொதுவுடைமைக்காரர் பத்திரிகையும் ஜெயித்தது. அவர்களுக்கு ஜென்ம விரோதியான வகுப்புவாதப் பத்திரிகையும் ஜெயித்தது. இது நமக்குக் கசக்கலாம். ஆனாலும் பேச்சு சுதந்திரம் என்பதற்கு ஏதாவது அர்த்தமிருக்குமானால் இந்த அர்த்தந்தான் இருக்க முடியும். ஆள் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதற்குப் பெயர் சுதந்திரமல்ல, இனாம்.

நிற்க. அந்த வருஷமே மற்றொரு வழக்கு. அதை நமது வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காலேஜ்களில் சேர்க்கும் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பின்தங்கிய ஹிந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்றிருந்த வகுப்புவாரி உத்தரவை, 1950 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டும், 1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் செல்லாதென்று தள்ளின. செண்பகம் துரைராசன் வழக்கு என்று பெயர். மனுதாரர் மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போடவேயில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. அரசியல் சட்ட நகல் கமிட்டியில் உட்கார்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரே இந்த உத்தரவை எதிர்த்து வாதாட வந்தார் என்பதையும் ஞாபகத்தில் வைக்கவேண்டும். உத்தியோகத்தில் பின்தங்கியவர்களுக்கு இடம் ஒதுக்க 16-வது ஷரத்தில் வழி வைத்தவர்கள், படிப்புக்கு வைக்க மறந்தார்கள்; அந்த மறதியே கோர்ட்டுக்குச் சாக்காயிற்று. ராஜ்யம் முழுவதும் கிளர்ச்சி எழுந்தது; ஆயிரக்கணக்கான மாணவர்களும் தொழிலாளரும் தெருவுக்கு வந்தார்கள்.

பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தையும் அவ்வூர் ஹைக்கோர்ட்டு தள்ளிற்று. ஆக, நேரு சர்க்காருக்கு மூன்று இடத்தில் அடி விழுந்தது. மூன்றுக்கும் ஒரே மருந்தாக ஒரு மசோதா தயாரித்தார்கள். அதுதான் முதலாவது திருத்தம்.

அதில் என்ன செய்தார்கள்? 15-வது ஷரத்தில் நாலாவது பிரிவைச் சேர்த்துப் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். ஜமீன் சட்டங்களைக் கோர்ட்டு தொடாதபடி ஒன்பதாவது அட்டவணை என்று ஒரு பெட்டி செய்தார்கள். 1993-ல் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றிய 69 சதவிகித ஒதுக்கீட்டுச் சட்டத்தை 1994-ல் கொண்டுபோய் வைத்ததும் அந்தப் பெட்டியில்தான். இவ்வளவும் நமக்கு நன்மை. இதே மசோதாவின் வேறொரு பிரிவில், 19-வது ஷரத்தின் கட்டுப்பாட்டுக் கணக்கில் மூன்று புதிய இனங்களைச் சேர்த்தார்கள். பொது ஒழுங்கு, அந்நிய ராஜ்யங்களுடன் சிநேகம், குற்றம் செய்யத் தூண்டுதல் என்பவை அவை. தாப்பர் கோர்ட்டில் ஜெயித்ததை இந்த ஒரு வரி பிடுங்கிக் கொண்டது.

அதிலும் ஒரு வேடிக்கை. இந்தப் புதிய வாசகம் அரசியல் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்ததாகக் கருதப்படும் என்றும் எழுதிக் கொண்டார்கள். பழைய ஏட்டில் புதுச் சுலோகத்தைச் செருகிவிட்டு, இது ஆதியிலேயே முனிவர் சொன்னது என்று சாதிக்கும் புராணிகர் வழக்கத்தை நாம் எத்தனையோ தடவை எடுத்துக்காட்டியிருக்கிறோம். பார்லிமெண்டும் அதையே செய்யும் என்று யார் கண்டார்கள்!

இதைச் செய்தவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதி வைத்திருந்தும், அந்த ஓட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்று அப்போது கிடையாது. அரசியல் நிர்ணய சபையே தற்காலிகப் பார்லிமெண்டாக உட்கார்ந்திருந்தது. முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் ஆரம்பமாக இருந்தது. ஐந்து மாதம் பொறுக்கக் கூடாதா? மே 12-ந் தேதி மசோதா வந்தது. ஜூன் 2-ந் தேதி நிறைவேறிற்று. ஆதரவாக 228 ஓட்டு, எதிராக 20. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் சியாமா பிரசாத் முகர்ஜி. அவருடைய கட்சிக்கும் நமக்கும் எட்டாப் பொருத்தம். என்றாலும் பேச்சு சுதந்திரத்தைப் பற்றி அன்று அவர் கேட்ட கேள்விகள் நியாயமான கேள்விகளே.

டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரியாக இருந்து இந்த மசோதாவை ஆதரித்தார் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆதரித்தது உண்மை. வகுப்புவாரித் தீர்ப்பு அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. பேச்சு விஷயத்திலும், எழுதாத கட்டுப்பாட்டைக் கோர்ட்டு ஏற்க மறுப்பதால் எழுதித்தான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம். அவரிடத்தில் நமக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் பெரியவர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை ஒப்புக்கொள்வதைப் பகுத்தறிவு என்று நாம் எங்கும் சொல்லவில்லை.

ஒரு நல்ல காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய இரண்டாவது பிரிவில் 'நியாயமான' என்ற வார்த்தை கிடையாது. மசோதாவைப் பரிசீலித்த செலக்ட் கமிட்டி, கட்டுப்பாடு 'நியாயமான' கட்டுப்பாடாக இருக்கவேண்டும் என்று அந்த வார்த்தையைச் சேர்த்தது. இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தில் அநேகம் பேர் கோர்ட்டில் தப்பினார்கள். நீர்த் தீர்வை உயர்வைக் கட்டாதீர்கள் என்று 1954-ல் விவசாயிகளிடம் பேசிய ராம் மனோகர் லோகியாவை உத்தரப் பிரதேச சர்க்கார் பிடித்தது. 1960-ல் சுப்ரீம் கோர்ட்டு, பேச்சுக்கும் ஒழுங்குக் கேட்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்க வேண்டும், எங்கோ எப்போதோ ஏதாவது நடக்கலாம் என்ற ஊகம் போதாது என்று கூறி அந்தச் சட்டத்தைத் தள்ளிற்று.

ஆனால் வாசற்கதவில் ஒரு தாழ்ப்பாளைப் போட்ட அதே கமிட்டி, கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டது. பொது ஒழுங்கைக் 'காப்பதற்காக' என்று எழுதியிருந்தால் ஒரு அளவு இருந்திருக்கும். பொது ஒழுங்கின் 'நலனை முன்னிட்டு' என்று எழுதினார்கள். இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். வீட்டில் தீப்பிடித்தால் அணைக்கலாம் என்பது முந்தியது. தீப்பிடிக்காமலிருக்கும் நலனை முன்னிட்டு அடுப்பே மூட்டாதே என்று சொல்லலாம் என்பது பிந்தியது. 1957-ல் ராம்ஜிலால் மோடி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அப்படியே பொருள் செய்தது. பீனல் கோடு 295-ஏ செல்லுமா என்பது கேள்வி. மத உணர்ச்சியைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு அது. 1927-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்தது. மதத்தை நிந்திக்கும் ஒவ்வொரு பேச்சாலும் கலகம் வந்துவிடாதே என்று வாதித்தார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, 'நலனை முன்னிட்டு' என்ற வார்த்தை அவ்வளவு அகலமானது என்றது கோர்ட்டு. வேண்டுமென்றே, துர்எண்ணத்தோடு செய்த நிந்தனையை மட்டுமே பிரிவு தண்டிக்கிறது என்றும் ஒரு சமாதானம் சொல்லிற்று. ஆனால் துர்எண்ணம் இல்லை என்பதைப் பேசியவன் எப்போது நிரூபிக்கிறான்? கைதாகி, ஜாமீனுக்கு அலைந்து, வக்கீலுக்குக் கொடுத்து, வருஷக் கணக்கில் வாய்தா வாங்கிய பிறகு. தீர்ப்பில் விடுதலை என்று வந்தாலும் தண்டனை அதற்கு முன்பே முடிந்து போயிருக்கும்.

அடுத்தது 1962. கேதார்நாத் சிங் என்பவர் பீகாரில் பேசிய ஒரு மேடைப் பேச்சு வழக்கு. 124-ஏ செல்லுமா என்று ஐந்து ஜட்ஜுகள் ஆராய்ந்தார்கள். பலாத்காரத்துக்கோ ஒழுங்குக் குலைவுக்கோ தூண்டினால் மட்டும் என்று அந்தப் பிரிவைச் சுருக்கி, 'பொது ஒழுங்கின் நலனை முன்னிட்டு' என்ற முதலாவது திருத்தத்தின் வாசகத்தை முட்டுக் கொடுத்து, பிரிவைப் பிழைக்க வைத்தார்கள். 1948-ல் வேண்டாமென்று பெயர் சொல்லித் துரத்திய ராஜத்துவேஷம், 1951-ல் திறந்த கொல்லைக் கதவு வழியே 1962-ல் உள்ளே வந்து திண்ணையில் உட்கார்ந்து கொண்டது. இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கிறதா இல்லையா? சட்டத்தைச் செய்தவன் வெள்ளைக்காரன். சாகவிருந்த அதற்கு உயிர் கொடுத்தது நாம் பாராட்டும் திருத்தம்.

கதவைத் திறந்தவர்கள் அதோடு நிற்கவுமில்லை. 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்தது. இந்தியாவின் ஏகாதிபத்திய உரிமை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் நலனை முன்னிட்டும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று இன்னொரு இனம் சேர்ந்தது. சீனா சண்டையின் பின்னால் வந்தது என்றாலும், யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். திராவிட நாடு கேட்டு வந்த தி.மு.கழகம் அந்த வருஷமே கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கோரிக்கை சரியா தப்பா என்பது இங்கு கேள்வியல்ல. ஒரு கட்சி ஓட்டுக் கேட்டு, ஜனங்களிடம் சொல்லி, ஜெயிக்கவோ தோற்கவோ வேண்டிய ஒரு விஷயம், சொல்லவே கூடாத விஷயமாயிற்று என்பதே கேள்வி. ஜனநாயகம் என்றால் கை தூக்கி எண்ணுவது மட்டுமல்லவே. எண்ணுவதற்கு முன் எல்லோரும் பேசி முடித்திருக்கவேண்டும்.

இதற்கு முன்பே, 1957 நவம்பரில், சாதியைக் காப்பாற்றும் ஷரத்துக்களைக் கொளுத்துவதாக ஈ.வெ.ரா. அறிவித்ததும், அந்த மாதத்திற்குள்ளேயே சென்னை சட்டசபை தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றைச் செய்து, மூன்று வருஷம் வரை சிறை என்றது. நவம்பர் 26-ந் தேதி கொளுத்தி ஆயிரக்கணக்கானவர் சிறை போனார்கள். காசு கொடுத்து வாங்கிய காகிதத்தைத் தன் ஊர்த் தெருவில் கொளுத்தினவனால் எவன் வீடு எரிந்தது? எவன் தலை உடைந்தது?

இனி, நம்மைக் கொஞ்சம் உறுத்தக்கூடிய வழக்கு ஒன்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு தமிழ்ப் படம். பார்ப்பனப் பெண் ஒருத்தி, ஆதிதிராவிடர் என்று பொய்ச் சான்று பெற்றுப் படித்துப் பெரிய அதிகாரியாவதாகக் கதை. சாதி அடிப்படையில் இடம் ஒதுக்குவது தப்பு, பொருளாதாரத்தைப் பார்க்கவேண்டும் என்பது அதன் பிரசாரம். அதாவது நாம் எதற்காகப் பாடுபட்டோமோ அதற்கு நேர் விரோதம். சென்னை ஹைக்கோர்ட்டு அதன் சர்டிபிகேட்டை ரத்து செய்தது. படம் ஓடினால் கலகம் வரும் என்று தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிற்று. 1989 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, ஊர்வலம் வரும், பலாத்காரம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்க முடியாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறிபோல் ஆபத்து அவ்வளவு கிட்ட இருந்தால்தான் அடக்கலாம். ஒழுங்கைக் காப்பது சர்க்காரின் கடமை, தன்னால் முடியவில்லை என்று சர்க்கார் சொல்லக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இந்தத் தீர்ப்பு சரியானது என்றே சொல்லுகிறோம். அந்தப் படத்தின் வாதம் பொய் வாதம். அதைப் பொய்யென்று காட்ட நமக்கு மேடை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. பார்க்க விடாமல் செய்தால், அவர்கள் வாதத்துக்கு நம்மிடம் பதில் இல்லை என்று ஜனங்கள் நினைப்பார்கள். அன்று ஒதுக்கீட்டை எதிர்த்த படத்தைக் காப்பாற்றிய அதே வாசகத்தைத்தான், நாளைக்கு நமது நாடகத்தையோ புத்தகத்தையோ தடுத்தால் நாமும் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் பணமும் அச்சுயந்திரமும் உள்ளவனுக்குத்தான். சேரியிலிருப்பவனைச் சாதி சொல்லித் திட்டுகிறவனுக்கும் பேச்சு சுதந்திரமா?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு மனிதனை நேரே நிறுத்திச் சாதி சொல்லி இழிவு செய்வது அபிப்பிராயமல்ல; அது அவன்மீது செய்த குற்றம். செருப்பால் அடிப்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அதற்கு 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது இன்னும் கண்டிப்பாக நடக்கவேண்டும் என்பதே நமது புகார். ஆனால் ஒரு மனிதனைக் காப்பதும், ஒரு கொள்கையையோ தெய்வத்தையோ புராணத்தையோ விமர்சனத்திலிருந்து காப்பதும் ஒன்றாகாது. மனிதனுக்கு வலிக்கும்; புராணத்துக்கு வலிக்காது.

மேலும், 'அமைதி', 'ஒழுங்கு' என்ற வார்த்தைகள் இந்த நாட்டில் யாருடைய கையில் எப்படி வேலை செய்து வந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கலாம் என்று கேட்டபோது, அங்கிருந்த மாஜிஸ்திரேட்டு தடை உத்தரவு போட்டது எதைச் சொல்லி? சமாதான பங்கம் ஏற்படும் என்று சொல்லித்தான். நடக்கிறவன் யாரையும் அடிக்கப் போவதில்லை. நடந்தால் அடிப்பேன் என்கிறவன் வேறு ஒருவன். ஆனால் தடை நடக்கிறவனுக்கு! இன்றைக்கும் எந்தத் தாலுகாவில் வேண்டுமானாலும் பாருங்கள். மேலத் தெருக்காரர், கீழத் தெருவில் நாடகம் போட்டால் ரகளையாகும் என்று மனுக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தாரையும் அழைத்துச் 'சமாதானம்' பேசி நாடகத்தை நிறுத்துவார். ரகளை செய்வேன் என்று எழுதிக் கொடுத்தவன் மீது ஒரு வழக்கும் இராது. இதனால் ஜனங்கள் கற்றுக் கொள்ளும் பாடம் என்ன? பிடிக்காத பேச்சை நிறுத்த வேண்டுமானால் பதில் சொல்லத் தேவையில்லை, கல்லைப் பொறுக்கினால் போதும் என்பதுதானே?

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நாமக்கல்லில் 2015 ஜனவரியில் நடந்தது இதுவே. 'மாதொருபாகன்' நாவலை எந்தக் கோர்ட்டும் தடை செய்யவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூச்சல் போட்டவர்களையும் எழுதியவரையும் சர்க்கார் அதிகாரி முன்னால் உட்கார வைத்தார்கள். அதில் அவர் மன்னிப்புக் கேட்கவும் புத்தகங்களைத் திரும்பப் பெறவும் சம்மதிக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு, அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, புத்தகம் பிடிக்காதவர் படிக்காமல் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பதினெட்டு மாதம் ஒரு மனிதன் பேனாவைக் கீழே வைத்திருந்த பிறகு!

இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறோம். 2022 மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 124-ஏ வழக்குகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய பீனல் கோடே போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. ராஜத்துவேஷம் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் அதில் 152-வது பிரிவைப் படிக்கவேண்டும். ராஜத்துவேஷம் என்ற பெயர் இல்லை. இந்தியாவின் ஒருமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பது என்று இருக்கிறது. 124-ஏயில் ஆயுள் தண்டனை, அல்லது மூன்று வருஷம் வரை. இதில் ஆயுள் தண்டனை, அல்லது ஏழு வருஷம் வரை. 295-ஏ இப்போது 299-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. சட்டைதான் புதிது.

15-வது ஷரத்தின் நாலாவது பிரிவை யார் தொட்டாலும் எதிர்த்து நிற்கவேண்டியது நமது வேலை. 19-வது ஷரத்தில் 'நலனை முன்னிட்டு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, நேரான, கிட்டிய பலாத்காரத்துக்குத் தூண்டினால் மட்டும் என்று திருத்தவேண்டும் எனக் கேட்கவேண்டியதும் நமது வேலையே. ஒரே மசோதாவில் வந்ததால் இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள், ஒன்றை வெட்டினால் மற்றது சாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1951-லும் அவை தனித்தனிப் பிரிவுகளாகத்தான் இருந்தன.

கேள்வி கேட்ட வாலிபர் கூட்டம் முடிந்து நம்மிடம் வந்து, அந்தத் திருத்தத்தைத் தமிழில் எங்கே படிக்கலாம் என்று விசாரித்தார். 15, 19 ஆகிய இரண்டு ஷரத்துக்களையும், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் இருந்தபடி, அடுத்த இதழில் பக்கத்துக்குப் பக்கமாக வெளியிடுகிறோம். கிளைச் சங்கத் தோழர்கள் இரண்டு மூன்று பிரதி கூடுதலாக வரவழைத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.